மாதாமாதம் மொய்

சுபாஷிணி வீட்டு வாசலில் முதல் ஜோடிச் செருப்பு வந்து கிடந்த நாள் எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற நாள், அதனால் அதைப் பார்க்காதவர்கள் என்று எங்களில் யாருமே இல்லை. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் பார்த்தோம், முறை தவறியதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சண்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம், மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அடைக்கலம் வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தார். பழுப்பு நிறத் தோல் செருப்பு, ஆம்பிளைச் செருப்பு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. யாரோ விருந்தாளி போல என்று நினைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். சாப்பாட்டு நேரத்துக்குள் வாசல்படியிலிருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் செருப்புகள் வரிசை கட்டிக் கிடந்தன, உள்ளே போய்ப் பார்த்தால் சுபாஷிணி ஒருத்திதான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஆலங்குடியில் ஒரு வீட்டு வாசலில் அவ்வளவு செருப்பு கிடந்தால் அதற்கு இரண்டே அர்த்தம்தான், ஒன்று விசேஷம், இல்லையென்றால் துக்கம். விசேஷம் என்றால் எங்களுக்குப் பத்திரிகை வந்திருக்கும். அதனால் எதிர்வீட்டு ஜைனம்பு தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அழுவதற்குத் தயாரான முகத்தோடு ஓடினாள்.

"அடியே சுபா, யாருக்குடி என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. நேத்து சேனல்ல மொய் கேட்டேன்ல, வந்திருக்காங்க போல."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் விஷயம் அதுதான், அதற்கு மேல் ஒரு விளக்கம் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை, நாங்களும் பெரிதாகத் தேடவில்லை.

சுபாஷிணி 'ஜன்னலோரம்' என்று ஒரு சேனல் நடத்தினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, புறப்படும் இடத்திலிருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் வெளியே தெரிவதைப் படம் பிடிப்பாள், எப்போதாவது இரண்டு வார்த்தை பேசுவாள், அவ்வளவுதான் அவள் வீடியோ. "இந்த வீட்டுல பெயிண்ட் அடிச்சிருக்காங்க, போன தடவை பச்சை," என்பாள். "அந்த ஆட்டுக்குட்டி இன்னும் நொண்டுது," என்பாள். இதைப் போய் யார் பார்ப்பார்கள் என்று நாங்களும் கேட்டோம்தான், ஆனால் பார்த்தார்கள். வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் பார்த்தார்கள், ஏடிஎம் வாசலில் காவல் இருக்கிறவர்கள் பார்த்தார்கள், படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் பார்த்தார்கள், பஸ்ஸில் ஏற நேரமில்லாதவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்தார்கள். ஜன்னலோர சீட்டை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கல்யாணம் ஆன புதிதில் வேளாங்கண்ணிக்குப் போனபோது அவள் கணவன் கென்னடி வாந்தி வருகிறது, மாறி உட்காரலாமா என்று கேட்டானாம், இவள் கவரை எடுத்துக் கையில் கொடுத்தாளே தவிர இடத்தைக் கொடுக்கவில்லையாம். அதை அவனே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

காசு கேட்பதென்று முடிவானபோதுதான் வம்பு தொடங்கியது. விளம்பரத்தில் வந்தது பூனைக்குப் போடக் காணாது, கென்னடியின் செல்போன் ரீசார்ஜ் கடையில் எல்லோரும் தாங்களே போனில் ரீசார்ஜ் செய்யக் கற்றுக்கொண்டதிலிருந்து ஈ ஓட்டுவதுதான் வேலை, ஆகவே பார்க்கிறவர்களிடமே கேட்பதென்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கேட்பதற்கு அவளுக்குக் கூச்சம். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து அவள் வீடியோவுக்குக் கீழே தவறாமல் ஒருவன் வந்து, பஸ்ஸே ஃப்ரீ, ரோடும் ஃப்ரீ, வெளியே தெரியற மரமும் ஃப்ரீ, உனக்கு எதுக்கும்மா காசு என்று எழுதிவிட்டுப் போவான். பார்ப்பதற்கு ஆகிற செலவு என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"மாசக் கட்டணமா வச்சிருவோம்," என்றான் கென்னடி. "ஜனங்க ரீசார்ஜ் பண்ணிப் பழகிருச்சு. பேசினாலும் பேசாட்டியும் மாசமானா கட்டுவான். நமக்கும் வாடகைக்கு ஒரு நிச்சயம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. தப்பு பெயரில் வந்தது. சந்தா என்று போடலாமென்றால் அவளுக்குச் சங்கத்து ஞாபகம் வந்தது, நன்கொடை என்றால் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்கிறவர்கள் ஞாபகம் வந்தது, ஆதரவு என்றால் ஓட்டுக் கேட்பது போலிருந்தது. கடைசியில், சிரித்துக்கொண்டே, 'நம்ம வீட்டு மொய், மாதாமாதம்' என்று எழுதிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

வேறு ஊர்க்காரர்கள் இதை விளையாட்டு என்று விட்டுவிடலாம். எங்கள் பக்கத்தில் மொய் விளையாட்டில்லை. ஆடி மாதமானால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி என்று ஊர் ஊராகப் பந்தல் போட்டு மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு உட்காரவைத்து, சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள், அந்தக் காசில் கிணறு தோண்டியவர்கள் உண்டு, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள் உண்டு, பிறகு அவரவர் வீட்டு முறை வரும்போது வாங்கியவன் கொஞ்சம் கூடவே சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும், செய்யாதவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மொய் எழுதுகிறவன் வீட்டுக்கு வருவான், வாசலில் செருப்பைக் கழற்றுவான், சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். இது தெரிந்தே பிறந்த பெண் அந்த வார்த்தையை எழுதிவிட்டாள், எழுதின வார்த்தை அதன் வேலையைச் செய்தது.

யாருடைய செருப்புகள் என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. காரைக்குடியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "தங்கச்சி, நம்ம செருப்பு அங்க இருக்கா? பழுப்புக் கலரு, குதிகால் தேஞ்சது." இருக்கிறது என்றாள். "சரி சரி, இருக்கட்டும். தொலைஞ்சு போச்சோன்னு பாத்தேன்," என்று வைத்துவிட்டார். மாசக்காசு கட்டியவர்கள் எல்லோருடைய செருப்பும் அவரவர் வீட்டு வாசலில் இல்லை, அது இங்கே இருந்தது. மூன்றாம் நாள் அவள் கறம்பக்குடி பஸ் வீடியோவைப் போட்டாள். போட்டதும் நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பியிருந்த ஏதோ ஒரு நிமிஷத்தில் வாசல் காலியாகிவிட்டது. அடுத்த மாதம் பிறந்ததும் மறுபடி வந்து கிடந்தன. வீடியோ வந்தது, போயின. எங்களுக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகு பழகுவதற்கு எவ்வளவு நேரம்? முதலில் செருப்பின் மேல் கால் படாமல் நடக்கப் பழகினோம். பிறகு செருப்பை வைத்து ஆளைச் சொல்லப் பழகினோம். வெளிவிளிம்பு தேய்ந்திருந்தால் அவசரக்காரர், வார் இரண்டு தடவை தைத்திருந்தால் கணக்குப் பார்க்கிறவர், குதிகால் உயர்ந்து பளபளவென்றிருந்தால் பெங்களூர் என்று பேசிக்கொள்வோம். மழை வந்தால் ஜைனம்பு தெருப் பெண்களைக் கூட்டி எல்லாவற்றையும் தன் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் எடுத்து வைப்பாள், நனைந்ததைத் துடைப்பாள், "வந்த மனுசங்கள நனைய விடலாமா" என்பாள். நாய்கள் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு போகாமலிருக்கப் பூக்காரம்மா அங்கேயே கூடையை வைத்து உட்கார்ந்துகொண்டாள், அவளுக்கும் வியாபாரம் ஆயிற்று. கட்சிக்காரர் ஒருவர் இவ்வளவு கூட்டம் உள்ளே இருக்கிறதென்று நம்பி மைக்செட்டோடு வந்து, வாசலில் நின்று, எங்கள் தெருவுக்கு முழுதாக ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். குவைத்திலிருந்து வந்த பூட்ஸ் ஒன்று, இரும்பு வைத்த முனையும் சிமெண்டுத் தூசியுமாக, மற்ற செருப்புகளுக்கு நடுவில் ஒரு பெரிய மனிதரைப் போல நிற்கும்.

அந்த வரிசையில்தான் நீல வார் செருப்பும் இருந்தது. சாதாரண ரப்பர் செருப்பு, வெள்ளை அடி, ஒன்பதாம் நம்பர். அதைப் பற்றி எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதில் தேய்மானமே இல்லை. அடியில் மண் இல்லை, விரல் பதிந்த தடம் இல்லை, கடை அட்டை கூட ஒரு ஓரத்தில் ஒட்டியபடி இருந்தது. முதல் நாளிலிருந்து அது வந்தது, எப்போதும் வாசல்படிக்கு மிக அருகில் கிடந்தது, வீடியோ போட்டதும் எல்லாச் செருப்பும் போன பிறகு கடைசியாகத்தான் போனது.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியிருக்கும். கூட்டம் கூடிக்கொண்டே போனது, காசும் வந்தது, வாடகை நிலுவையில்லாமல் போனது, கென்னடி கடைக்குப் புது போர்டு மாட்டினான். ஆனால் சுபாஷிணியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் தோன்றும்போது போவாள், பிடித்ததைப் போடுவாள். இப்போது கதவைத் திறந்தால் செருப்பு. கோலம் போட இடமில்லாமல் செருப்பு. செருப்பு இங்கே கிடக்கிறதென்றால் அதற்குரியவர் அங்கே வெறுங்காலோடு நடக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தபின் காபி இறங்குமா? ஒரு தடவை வீடியோ தாமதமானபோது குவைத்துக்காரர் பேசினார், எங்கள் பக்கத்துப் பையன்தான், செல்வரெங்கம் என்று பெயர்.

"அக்கா, கம்பெனில வருசத்துக்கு ஒரு பூட்ஸுதான் குடுப்பான். அது இல்லாம சைட்டுக்குள்ள விடமாட்டேங்கிறான். நான் ரூம்லதான் இருக்கேன். அவசரமெல்லாம் இல்லக்கா, ஒங்களுக்கு எப்ப முடியுதோ அப்பப் போடுங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'அவசரமில்ல' அவளைக் கொன்றுவிட்டது. அன்றே ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும் எதையோ எடுத்து, வெட்டாமல் ஒட்டாமல் போட்டாள். செருப்புகள் போயின. போய் ஒரு மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்து கிடந்தன, பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு வராத ஆட்கள் மாதிரி. பூட்ஸும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் வெளியே பார்க்க முடியவில்லை. பெயிண்ட் அடித்த வீடு போகும், நொண்டி ஆட்டுக்குட்டி வளர்ந்து ஆடாகிப் போகும், அவள் கண்ணில் எதுவும் படாது, செருப்புதான் தெரியும். பல நாளாக அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஐப்பசியில் முதல் மழை இறங்கியதிலிருந்து மார்கழியில் கடைசித் தூறல் வரைக்கும், புதுக்கோட்டையிலிருந்து மீமிசல் கடற்கரைக்குப் போகும் ஒரே வழியில், ஒரே ஜன்னலில், ஒரு மழைக்காலம் முழுவதையும் படமாக எடுத்து ஒரே வீடியோவாகப் போட வேண்டும் என்று. மூன்று மாதம் ஒன்றும் போடாமல் இருந்தால்தான் அது நடக்கும். மூன்று மாதம் ஒன்றும் போடாவிட்டால் அத்தனை பேரும் மழையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். இதற்கிடையில் அடைக்கலம் வேறு மாடியிலிருந்து இறங்கி வந்து, "இங்க பாரும்மா, நான் வீட்டுக்குத்தான் வாடகை வாங்குறேன், தெருவுக்கில்ல. மழைக்கு முன்னாடி வாசலக் காலி பண்ணு, இல்ல வீட்டக் காலி பண்ணு," என்று சொல்லிவிட்டார்.

அவள் சேனலை மூடிவிடுவதென்று முடிவு செய்தாள். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுத்தார்கள், மூன்றாம் மாடி, சுடிதார் பிரிவு, நாள் முழுக்க நிற்க வேண்டும், அந்த மாடியில் ஜன்னலே கிடையாது. அங்கே கட்ட வேண்டிய யூனிஃபார்ம் புடவைக்கு ஓரம் அடிக்க ஜைனம்புவிடம் கொண்டுவந்தாள், கென்னடியும் பின்னாலேயே வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சினான்.

"மூட வேணாம் சுபா. ஒரு சிஸ்டம் போட்டுக்குவோம். வாரத்துக்கு ஒண்ணு, சின்னதா."

"எனக்குப் பாக்கவே தெரியாமப் போச்சுங்க. அத வச்சு என்னத்தப் போடுறது?"

"ரீசார்ஜ் பண்றவன் கம்முனு கட்டிட்டுப் போறான்ல? அதுமாதிரி இவங்களும்..."

ஜைனம்பு மெஷினை நிறுத்தினாள். "ஏந் தம்பி, ரீசார்ஜ் பண்றவன் எவன் ஒங்க கடை வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு எலைக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கான்? மொய்னு கூப்புட்டது யாரு? நீங்கதானே? மாசா மாசம் மொய் எழுதச் சொன்னா மாசா மாசம் பந்தி போடணும். எந்த வீட்லய்யா மாசா மாசம் காது குத்துறாங்க?" என்று கேட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து, "சோறு ஆக்குனப்பறம் ஊரக் கூப்புடுங்க. அடுப்பே பத்த வைக்காம வருசம் பூராம் ஆள உக்கார வச்சா யாருக்குத்தான் நிம்மதி?" என்றாள்.

அவள் கோபத்தில்தான் பேசினாள், தீபாவளித் தையல் வேறு தலைக்கு மேல் கிடந்தது. ஆனால் சுபாஷிணி புடவையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். போய், போனைச் சாய்த்து வைத்து, எதிரில் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தன் முகத்தைக் காட்டிப் பேசினாள். மாதாமாதம் எழுதியது போதும், இன்றோடு நிறுத்திவிட்டேன் என்றாள். இனிமேல் வீடியோ ஆனபிறகு சொல்லி அனுப்புவேன், வந்து பாருங்கள், பார்த்துவிட்டு மனசு இருந்தால் எழுதுங்கள், எழுதாதவர்களும் வயிறாரப் பாருங்கள், பந்தியில் யாரையும் எழுப்பிவிடுகிற வீடு இல்லை இது என்றாள். ஒரே மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்து நான் ஏழெட்டு வீடியோ போட்டாலும் இரண்டு தடவைக்கு மேல் எழுதாதீர்கள், உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது என்றாள். மழைக்காலம் முடிகிறவரை என்னை எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொன்னாள்.

சொல்லி முடித்த நிமிஷத்தில் செருப்புகள் போய்விட்டன. எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பாமலிருந்தோமா என்றால் இல்லை, இந்தத் தடவை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், இருந்தும் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. தெரு அகலமாகிவிட்டது. அதைப் பார்க்க எங்களுக்கே என்னவோ போலிருந்தது, சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன கல்யாண வீடு மாதிரி. பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாள். அடைக்கலம் இறங்கி வந்து கொஞ்ச நேரம் நின்றார், பிறகு, "இது யாரு, இன்னும் போகாம?" என்று கேட்டார்.

வாசல்படிக்கு அருகில் நீல வார் செருப்பு கிடந்தது. மறுநாளும் கிடந்தது. யோசித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பல மாதமாகவே அது போகவில்லை, கடைசியாகப் போகிற செருப்புதானே என்று யாரும் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். சுபாஷிணி அதைப் படம் எடுத்து, 'ஒன்பதாம் நம்பர், நீல வார், புதுசு, யாருடையது?' என்று சேனலில் போட்டாள். பேராவூரணியிலிருந்து சத்யகலா என்ற பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, அது எங்க அப்பா செருப்பு."

"அப்பாகிட்டக் குடுங்களேன், பேசுறேன்."

"அப்பா எறந்து புரட்டாசியோட வருசம் திரும்பிருச்சுக்கா."

அவர் பெயர் வைரக்கண்ணு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து ஆறு வருஷம் படுக்கையில் இருந்தவர். தலையணை மேல் போனைச் சாய்த்து வைத்து நாள் பூராவும் ஜன்னலோரம்தான் பார்ப்பார் என்று சத்யகலா சொன்னாள். வீடியோவில் பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பில் நிற்கும்போதும் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம், "எறங்குவோமா?" என்று கேட்பாராம். எழுந்து நடந்துவிடுவேன் என்று சொல்லி அந்தச் செருப்பை வாங்கி வரச் சொன்னதும் அவர்தான், கட்டிலுக்குக் கீழே வைத்தது வைத்தபடி இருந்தது, ஒருநாளும் கால் அதில் நுழையவில்லை. "காரியத்தன்னைக்குத் தேடுனோம். காணோம். யாரோ தூக்கிட்டுப் போய்ட்டாங்கன்னு விட்டுட்டோம்." அவர் கணக்கில் பென்ஷன் பாக்கி கிடந்தது, அதை யாரும் இன்னும் தொடவில்லை, அதிலிருந்து மாதம் பிறந்தால் தானாகவே ஒரு சின்னத் தொகை கழிந்து இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. செத்தவர் பன்னிரண்டு மாதமாக மொய் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார், எழுதிவிட்டு, பார்க்கக் கண்ணில்லாமல் வாசலில் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

சுபாஷிணி அழுதாள். உடனே காசைத் திருப்பி அனுப்புகிறேன் என்றாள்.

"ஐயோ, அனுப்பிறாதீங்கக்கா," என்றாள் சத்யகலா. "எழுதுன மொய்ய அப்படியே திருப்பி அனுப்புனா ஒறவு வேணாம்னு சொல்ற மாதிரி. தை மாசம் என் பையனுக்குக் காது குத்துறோம். வந்து செய்ங்க."

அந்த வருஷ மழை நன்றாகப் பெய்தது. சுபாஷிணி ஒருநாள் விடாமல் போனாள். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது, போகும்போது அதைப் பார்த்து "போய்ட்டு வர்றேன்" என்பாள், அது அவளுக்குத் தொந்தரவாக இல்லை, துணையாகத்தான் இருந்தது என்று சொன்னாள். அந்த மூன்று மாதமும் சாயங்காலங்களில் ஜைனம்புவுக்கு ஹூக் கட்டிக் கொடுத்து மளிகை வாங்கினார்கள். கென்னடி புது போர்டை விற்றுவிட்டான், அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நாங்கள் அவன் கணக்கில் வரவு வைத்தோம். மார்கழிக் கடைசியில் வீடியோ வந்தது. எங்கள் தெருவே சேர்ந்து பார்த்தது. மழை வருகிறது, நிற்கிறது, குளம் நிறைகிறது, அதே வளைவு, அதே புளியமரம், ஒவ்வொரு நாளும் வேறு பச்சை, கடைசியில் மீமிசலில் சாம்பல் நிறத்தில் கடல். அவள் பேசியது மொத்தமே பத்து வார்த்தை இருக்கும். பார்த்து முடிந்தபோது அடைக்கலம் மூக்கைச் சிந்திக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்றார்.

செருப்புகள் வந்தன. இந்தத் தடவை வீடியோவுக்குப் பிறகு வந்தன. வந்து, வீடியோ ஓடுகிற நேரம் மட்டும் கிடந்து, மொய் எழுதிவிட்டுப் போயின. குவைத் பூட்ஸ் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து சங்கு ஊதுவதற்குள் திரும்பிவிட்டது. பழைய கூட்டத்தில் பாதிதான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதாமாதம் வாங்கியதோடு ஒப்பிட்டால் நஷ்டம்தான் என்று கென்னடி கூட்டிக் கழித்துச் சொன்னான், சொல்லிவிட்டு, அவள் அடுத்த ஊர் பஸ் நேரத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அந்தப் பேச்சை விட்டுவிட்டான். மரம் ஃப்ரீதானே என்று எழுதுகிறவனும் வந்திருந்தான். ஒன்றும் எழுதாமல் முழுசையும் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

நீல வார் செருப்பு மட்டும் அப்படியே கிடந்தது.

தை பிறந்து, காதுகுத்துக்கு சுபாஷிணி அந்தச் செருப்பைத் துடைத்து ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு பேராவூரணிக்குக் கிளம்பினாள், ஜைனம்புவும் கூடப் போனாள், அதனால்தான் இனிமேல் நடந்தது எங்களுக்குத் தெரியும். மண்டபத்து வாசலில் செருப்புக் கடல். அதன் ஓரத்தில் இடம் பார்த்து, வைரக்கண்ணுவின் செருப்பை ஜோடியாக வைத்தாள், பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றினாள். உள்ளே மேஜையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் மொய் எழுதிக்கொண்டிருந்தாள். அவருடைய பன்னிரண்டு மாதத்துக் காசையும், எங்கள் பக்கத்து முறைப்படி அதற்கு மேல் கொஞ்சத்தையும் சேர்த்து நீட்டினாள்.

"பேரு?"

"ஜன்னலோரம் சுபாஷிணி, ஆலங்குடி."

"எந்த வகையில ஒறவு? புள்ளையோட அம்மா வழியா, அப்பா வழியா?"

"வைரக்கண்ணு ஐயா எங்க வீட்டுக்கு வந்திருக்காரு. அதான் நான் வந்திருக்கேன்."

அந்தப் பெண் அதை அப்படியே தட்டிக்கொண்டு ரசீது கொடுத்தாள்.

பாய் கடைக் கறிதான் என்று விசாரித்துவிட்டே ஜைனம்பு பந்தியில் உட்கார்ந்தாள், இரண்டு தடவை குழம்பு வாங்கினாள். பையன் காது குத்தும்போது ஊரைக் கூட்டி அழுதான். வழியனுப்ப சத்யகலா வாசல் வரைக்கும் வந்தாள், அப்பாவின் செருப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். சுபாஷிணியின் செருப்பு கிடந்தது, பக்கத்தில் ஒரு ஜோடி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மண்டபத்தில் செருப்புத் தொலைவது புதிதில்லை. ஆனால் மூன்று பேரும் ஒன்றும் தேடவில்லை.

"சாப்ட்டுட்டுக் கெளம்பிட்டாரு போல," என்றாள் ஜைனம்பு. சத்யகலா அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில் கீரமங்கலம் வழி டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது, முகூர்த்த நாள், உள்ளே ஒருவர் மேல் ஒருவராகக் கூட்டம். அவ்வளவு கூட்டத்திலும் மூன்று பேர் உட்காரும் ஒரு சீட்டை யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஆள் இல்லை, ஆனால் அதன் அடியில் நீல வார் செருப்பு கிடந்தது, காலை மடக்கி வசதியாக உட்காருகிறவர் கழற்றிப் போடுவது போல, அடியில் ஈரமான செம்மண் ஒட்டியிருந்தது. யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்க இறங்கியிருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

சுபாஷிணி பையிலிருந்து கேமராவை எடுக்கப் போன கையை வெளியே இழுத்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, நடு சீட்டில் உட்கார்ந்தாள். ஜைனம்பு இந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்து பெண்களுக்கான ஃப்ரீ டிக்கெட் இரண்டு அடித்துக் கொடுத்தார்.

"காசுக்கு ஒண்ணு குடுங்கண்ணே," என்றாள் சுபாஷிணி.

"ஒங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சேம்மா. யாருக்கு?"

"ஜன்னலோரத்துக்கு."

கண்டக்டர் காலி சீட்டைப் பார்த்தார், கீழே செருப்பைப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "எங்க எறங்குறாரு?" என்று மட்டும் கேட்டார்.

"அவருக்கு எங்க தோணுதோ அங்க எறங்கட்டும்ணே," என்றாள் அவள். "நீங்க கடைசி ஸ்டாப்புக்கே போடுங்க."